கைக்கண்ணாடி

கல்மண்டபத்துச் சந்தில் என் சலூன்.
நின்றுகொண்டே செய்யும் வேலை,
ஆகவே பேட்டை ஆண்களை
மேலிருந்துதான் தெரியும் எனக்கு.
எவனுக்கு இரட்டைச் சுழி,
எவன் மண்டையில் கல்லடித் தழும்பு,
எவன் உச்சி
மணலியில் வாங்கிப்போட்ட மனைபோல
வெறிச்சோடத் தொடங்கியிருக்கிறது,
வீட்டுக்காரிக்குத் தெரியுமுன்
எனக்குத் தெரிந்துவிடும்.

தேசிங்குக்கு இருபத்தேழு.
கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறான்.
மாதம் ஒரு ஞாயிறு வருவான்.
துணியை உதறியதும்
"பின்னாடி காட்டுண்ணா" என்பான்.
கண்ணாடிக் கைப்பிடி ஒடஞ்சிபோச்சுப்பா என்றேன் ஒருமுறை.
அடுத்த மாதமும் அதே கைப்பிடி.
மூன்றாம் மாதம் அவன் கேட்கவில்லை.
டிராயரில், பவுடர் டப்பாவுக்கு அடியில்
கண்ணாடி முழுசாக இருந்தது.

முடி கொட்டுதுண்ணா என்று
அவன்தான் பேச்செடுத்தான்.
லாரித் தண்ணி என்றார் பெஞ்சில் பேப்பர் படித்தவர்.
எண்ணூர் சாம்பல் என்றார் பக்கத்தவர்.
ஹெல்மெட் என்றேன் நான்.
அதோடு விட்டிருக்கலாம்.
பச்சை எண்ணெய் ஒரு பாட்டில்
நூற்றி எண்பதுக்கு விற்றேன்.
அதில் எனக்கு நாற்பது.

யார்டு செக்யூரிட்டி ரூமில்
டீ குடித்தபடி கேமரா டிவி பார்த்திருக்கிறான்.
முந்தின நாள் பதிவு.
சொட்டை விழுந்த ஓர் ஆள்
ரசீதுக் கட்டோடு கேட்டைத் தாண்டிப் போகிறார்.
யாரோ டிரைவர் என்றே நினைத்தானாம்,
சட்டையைப் பார்க்கும்வரை.
அந்தக் கேமராவும் நானும்
ஒரே இடத்திலிருந்துதான் பார்க்கிறோம்.
அது மறைக்கவில்லை.

சண்டை போடுவான் என்று நினைத்தேன்.
போட்டிருந்தால் தேவலை.
ஸ்டான்லியில் சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு
நேராகக் கடைக்கு வந்தான்.
"தண்ணியும் இல்ல ஹெல்மெட்டும் இல்லயாம்ணா.
ஆம்பள ஹார்மோன் ஒடம்புல வேற ஒண்ணா மாறுது.
அதத் தாங்காத வேரு
ஒவ்வொரு தபாவும் சின்னதா மொளைக்குது,
கடசில பூனமுடி.
அம்மா வழி அப்பா வழி ரெண்டுலயும்
வர்றதாம் இது."
கொஞ்சம் நிறுத்தி,
"அந்த எண்ணெயப் பத்தியும் கேட்டேன்" என்றான்.
டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி.
மூன்றாம் வாரம், இரவு பதினொரு மணிக்குப் போன்:
தலகாணி பூரா முடிண்ணா.
மொதல்ல கொட்டும்னு டாக்டரே சொன்னாருல்ல என்றேன்,
என்னவோ நானே படித்தவன்போல.

மாத்திரையும் எழுதியிருந்தார்கள்.
சிலபேருக்கு அந்த விஷயத்தில் குறையுமாம்,
தை மாசம் கல்யாணம்,
எதிரில் இருந்தது சின்ன வயசு லேடி டாக்டர்,
வாய் வரவில்லை அவனுக்கு.
என்னைக் கேட்டான்.
பத்தாவது ஃபெயில், என்னை.
"அவங்களையே கேளுப்பா, அதுக்குத்தான் இருக்காங்க" என்றேன்.
இந்த விவகாரத்தில்
நான் உருப்படியாய்ச் சொன்னது அது ஒன்றுதான்.

பின்னந்தலை முடியை எடுத்து
முன்னால் நடுகிறார்களாம்.
அண்ணா நகரில் விசாரித்தான்.
செகண்ட் ஹேண்ட் டெம்போ ஒன்று வாங்கிவிடலாம் அந்தக் காசுக்கு.
பின்பக்க வேருக்கு அந்த ஹார்மோன் உறைப்பதில்லையாம்.
இருபத்திரண்டு வருஷமாய்
எல்லாத் தலையிலும் குதிரைலாடம் மட்டும்
மிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன்.
ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

மாதாமாதம் அதே நாற்காலி, அதே டியூப்லைட்,
அவன் போனில் நான் எடுத்த படங்கள் ஏழு.
முளைத்ததா என்றால்,
உச்சியில் புகைபோலக் கொஞ்சம் கருப்பு.
நெற்றிப்பக்கம் போனது போனதுதான்.
மருந்தை நிறுத்தினால் இதுவும் போகும்.
எண்ணெய் இன்னும் மூன்று பாட்டில்
அலமாரியில் கிடக்கிறது,
ஏஜென்ட் திருப்பி எடுக்கமாட்டான்.

என் உச்சி எப்படியோ.
எனக்கு வெட்டும் மஸ்தான்
அந்தப் பக்கம் வரும்போது மட்டும்
கிரிக்கெட் பேசுகிறான்.

போன ஞாயிறு துணியை உதறினேன்.
டிராயரைத் திறந்து
கண்ணாடியை அவன் தலைக்குப் பின்னால் பிடித்தேன்.
கை கொஞ்சம் ஆடியது.
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு,
"காதுக்குப் பின்னாடி
கொஞ்சம் விட்டுட்டியேண்ணா" என்றான்.
விட்டுத்தான் இருந்தேன்.